தங்கச்சி என்று சொல்லித் தொலைத்தது

ஒரு பெண்ணைப் பத்துப் பேர் முன்னால் "தங்கச்சி" என்று கூப்பிட்டுவிட்டால் அதைத் திரும்ப எடுக்க வழி கிடையாது. துருப்பிடித்து ஒட்டிப்போன திருகாணியைக்கூட எண்ணெய் விட்டு, சூடு காட்டி, ஒரு நாள் பொறுத்துக் கழற்றியிருக்கிறேன். இது அந்த வகையில் வராது.

நான் ஆஸ்பத்திரியில் பழுது பார்க்கிறவன். கட்டில் சக்கரம், கதவுக் கீல், ஒழுகும் குழாய், முனகும் மின்விசிறி எல்லாம் என் தலையில். வயது அறுபத்தெட்டு. வீட்டுக்குப் போகச் சொல்லிப் பார்த்தார்கள். கொதிகலன் அறையிலிருந்து எந்தக் குழாய் எங்கே போகிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். யாருக்கும் சொல்லவில்லை; சொன்னால் மறுநாளே அனுப்பிவிடுவார்கள். படிப்பு ஐந்தாவது வரை. முகத்துக்கு நேரே "அண்ணே" என்பார்கள், முதுகுக்குப் பின்னால் "ஆணி". இரண்டும் என் காதில் விழும்.

யாரையும் நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை. லிப்டில் ஏற மாட்டேன். அதைச் சரிபார்க்க வருகிறவனை எனக்குத் தெரியும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் நிலவறையில் உள்ள துணி அறைக்கு அவள் தையல் வேலைக்கு வந்தாள். வந்த அன்றே மெஷினின் வார் அறுந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டார்கள். போனால், சலவைப் பெண்கள், சூப்பர்வைசரம்மா, வேலை இல்லாத நேரத்தில் அங்கே வந்து அரட்டை அடிக்கிற லிப்ட்காரன், எல்லோரும் நிற்கிறார்கள். அவள் எழுந்து, "வாங்க, மூணு மாடி ஏறி இறங்கி வந்திருக்கீங்க, முதல்ல உக்காந்து தண்ணி குடிங்க" என்றாள்.

நாற்பது வருஷமாக என்னைக் கூப்பிடுகிறவர்கள் பழுதைத்தான் காட்டுவார்கள். உட்காரச் சொன்னவர் யாருமில்லை. உடனே எனக்குச் சந்தேகம் தட்டியது. இனிக்கப் பேசுகிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு கண். போதாததற்கு லிப்ட்காரன் கண்ணடித்தான். "ஆணி உக்காந்தா அப்புறம் பிடுங்கணும், பாத்துக்கங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி செத்து அப்போது ஏழு வருஷம். அவளும் தனி ஆள் என்று முன்பே காதில் விழுந்திருந்தது. பெண்டாட்டி இல்லாதவனையும் புருஷன் இல்லாதவளையும் சேர்த்துவைத்துப் பேச ஊருக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? வேலி போட்டுவிடலாம் என்று குரலை உயர்த்தினேன்.

"இந்தா பாரு தங்கச்சி, தண்ணி எல்லாம் வேண்டாம். வார் மாத்திட்டுப் போயிடுறேன்."

அவள் சொம்பைக் கையில் வைத்தபடி ஒரு நொடி நின்றாள். பிறகு, "சரிண்ணே" என்றாள். அவ்வளவுதான்.

வேலி என்றால் ஒரு இடத்தில் நிற்கும் என்று நினைத்தேன். இது கொடி மாதிரிப் படர்ந்தது. ஆஸ்பத்திரி முழுக்க நாங்கள் அண்ணன் தங்கச்சி ஆனோம். வெளியூரில் வேலை பார்க்கிற அவள் மகன் போனில் என்னை "மாமா" என்றான். அம்மாவின் அண்ணன் வேறு என்ன? பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிற என் மகள் அவளை "அத்தை" என்றாள். அவள் புருஷனைப் பற்றி நான் கேட்டதில்லை, அவளே ஒரு நாள் சொன்னாள். முதலில் ஓடிப்போனானாம், பிறகு செத்துப்போனானாம். "ரெண்டையும் சொல்லிக்காமதான் செஞ்சாருண்ணே" என்று சொல்லி ஊசியில் நூல் கோத்தாள்.

மத்தியானம் அரை மணி நேரம் எல்லோரும் சாப்பிட்டுச் சாய்வார்கள். அவள் புத்தகம் எடுப்பாள். குணமாகிப் போகிற நோயாளிகள் விட்டுப்போன கதைப் புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய உண்டு. நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அரை மணி முடிந்துவிடும், ஆகவே அவள் வாய்விட்டுப் படிப்பாள். கதை எழுதுகிறவன் எவனையும் நான் நம்பினதில்லை. நடக்காததை நடந்தது என்று சொல்கிறவனுக்கு வேறு பெயர் உண்டு. ஆனாலும் போய் உட்கார்ந்தேன். குழாயைத் தட்டிப் பார்ப்பது போலப் போவேன்.

கடைசியாகப் படித்த கதையில் ஒரு தபால் ஆபீஸ்காரன். ஒரு பெண் வாரா வாரம் அவனிடம் தபால்தலை வாங்க வருகிறாள். அவனுக்கு அவள் மேல் உயிர். சொல்ல மாட்டேன் என்கிறான். தபால்தலையைக் கிழிக்கிறான், நீட்டுகிறான், பெருமூச்சு விடுகிறான். இருநூறு பக்கம் இப்படியே.

"வாயில என்ன, தபால்தலையை ஒட்டி வச்சிருக்கானா?" என்றேன்.

"சொல்றது அவ்வளவு லேசாண்ணே?"

"ஒரு வார்த்தை. அதுக்கு இருநூறு பக்கமா? நானா இருந்தா முதல் பக்கத்துலயே முடிச்சிருப்பேன்."

"முடிச்சிருப்பீங்க" என்றாள் அவள். புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை அவள் மகன் எனக்குப் போன் செய்தான். பிள்ளைக்கு எட்டு மாதம், பெண்டாட்டி வேலைக்குத் திரும்ப வேண்டும், அம்மா வந்து கூடவே இருந்துவிட வேண்டும், வேலையை விட்டுவிட வேண்டும். சனிக்கிழமைக்குப் பஸ் டிக்கெட்டும் எடுத்துவிட்டான். அம்மா பிடி கொடுக்கவில்லையாம்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா அம்மா தட்ட மாட்டாங்க, மாமா. தாய்மாமன்னு எனக்கு இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்."

நான் யாரையும் நம்பாதவன். என்னை ஒருத்தன் நம்பினான், அதுவும் இப்படி.

"சரி தம்பி" என்றேன். வேறு என்ன சொல்வது? தங்கச்சி மகன் கேட்கிறான்.

அன்று நான் ஒரு இடத்தில் நிற்கவில்லை. இறுகியிருந்த திருகாணியை மறுபடி இறுக்கினேன். நாலாவது மாடியில் நன்றாக இருந்த கதவைக் கழற்றி மறுபடி மாட்டினேன், அதுவரை சரியாகப் பொருந்திய கதவு அதற்குப் பிறகு பொருந்தவில்லை. துணி அறைக்கு மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன்.

"என்னண்ணே, மெஷினைக் குளிப்பாட்டுறீங்களா? துணியெல்லாம் கறை" என்றாள்.

அவள் ஒரு படுக்கை விரிப்பை நடுவில் கிழித்துக்கொண்டிருந்தாள். ஆள் படுத்துப் படுத்து நடுப்பகுதி நைந்துபோகும், ஓரம் புதிதாகவே இருக்கும். நடுவில் இரண்டாகக் கிழித்து, ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவந்து மூட்டிவிடுவாள். இன்னும் ஒரு வருஷம் உழைக்கும். அந்தக் கிழிகிற சத்தத்தில் அன்றைக்கு எனக்குப் பல் கூசியது.

"உன் மகன் போன் பண்ணான்" என்றேன்.

"பண்ணுவான்னு தெரியும்."

"போறதுதான் முறை. மகன் கூப்பிடுறான். பேத்தி இருக்கா. இந்த நிலவறையில எத்தனை நாளைக்கு? போ."

அவள் கிழிப்பதை நிறுத்தினாள். "இது நீங்க சொல்றீங்களா, என் அண்ணன் சொல்றாரா?"

"ரெண்டும் ஒண்ணுதானே."

"அப்படியா" என்றாள். பிறகு விரிப்பை ஒரே இழுப்பில் கடைசிவரை கிழித்தாள். "சரிண்ணே. போறேன்."

மறுநாள் மத்தியானம் அவள் புத்தகம் எடுக்கவில்லை. சாமான் எடுத்துவைக்க வேண்டும் என்று முன்னதாகவே போய்விட்டாள். அலமாரியில் அந்தத் தபால் ஆபீஸ்காரன் கிடந்தான். எடுத்து, விட்ட இடத்திலிருந்து எழுத்துக் கூட்டினேன். அரை மணியில் ஒன்றரைப் பக்கம். அதிலும் அவன் தபால்தலையைத்தான் கிழித்துக்கொண்டிருந்தான். ஆனால் அன்று அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எழுதினவன் காகிதத்தை வீணடிக்க இருநூறு பக்கம் எழுதவில்லை என்று தோன்றியது. அவனுக்கும் இது வந்திருக்கும். வராதவனுக்கு இந்தப் பெருமூச்சுக் கணக்கு தெரியாது.

சாயங்காலம் வீட்டில் மகள் வேலை முடிந்து வந்து, பேசினில் வெந்நீர் ஊற்றிக் காலை அதில் வைத்து உட்கார்ந்திருந்தாள். நாள் முழுக்க நின்ற கால். இரண்டே அறை, நான் ஒன்றிலிருந்து மற்றதற்கும் அதிலிருந்து இதற்கும் நடந்தேன்.

"என்னப்பா, குட்டி போட்ட பூனை மாதிரி சுத்துறீங்க? உக்காருங்க. எனக்கு பஸ்ஸுல இருக்கிற மாதிரியே இருக்கு."

"ஜன்னல் கொக்கி ஆடுது."

"அதை நேத்தே முறுக்கிட்டீங்க. முந்தாநாளும் முறுக்கினீங்க." கொஞ்சம் விட்டு, "அத்தை போன் பண்ணாங்க. போறாங்களாமே" என்றாள்.

"என்ன சொன்னா?"

"உங்கப்பா போகச் சொல்லிட்டாருன்னாங்க. 'உங்கப்பா'ன்னாங்க. எப்பவும் 'அண்ணன்'னுதான் சொல்லுவாங்க. நான் கவனிச்சேன்."

நான் கொக்கியை முறுக்கினேன்.

"அவ போகக் கூடாது" என்றேன்.

"யாரு சொல்றது?"

"நான்."

"போகச் சொன்னது?"

"அதுவும் நான்தான்."

தண்ணீரில் அவள் கால் அசைவது நின்றது. என் முதுகைப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. நான் திரும்பவில்லை.

"அப்பா, நான் அவங்களை நாலு வருஷமா அத்தைங்கிறேன். அந்தப் பையன் உங்களை மாமாங்கிறான். மாமா சித்தப்பா ஆகணும்னா எத்தனை பஸ் மாறணும் தெரியுமா?"

கண்டக்டர் அல்லவா, வாய் அப்படித்தான் வரும். ஆனால் அவள் சிரிக்கவில்லை.

"அம்மாவை நீங்க என்னன்னு கூப்பிட்டீங்க, ஞாபகம் இருக்கா?"

"என்னன்னு? 'இந்தா'ன்னுதான்."

"இருபத்தேழு வருஷம். கடைசி நாள் மூச்சு இழுத்துக்கிட்டு இருந்தப்பகூட 'இந்தா, கண்ணைத் திற'ன்னீங்க. நான் பக்கத்துல நின்னேன். அம்மா கண்ணைத் திறந்து யாரைக் கூப்பிடுறாருன்னு பாத்தாங்க."

கொக்கி என் கையில் ஒடிந்துவிட்டது. ஒடிந்த துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மகள் காலைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "எனக்குப் பிடிக்குதான்னு கேக்காதீங்க. பிடிக்கல. அதுக்காக நீங்க போய்ச் சொல்லக் கூடாதுன்னு இல்ல. சொல்லாம இங்க வந்து எல்லாக் கொக்கியையும் ஒடிக்காதீங்க."

வெள்ளிக்கிழமை காலையில் அவள் மொட்டைமாடியில் இருந்தாள், காய்ந்த விரிப்புகளை எடுத்துக்கொண்டு. ஆறு மாடி ஏறினேன். மேலே போனதும் மூச்சும் இல்லை, வார்த்தையும் இல்லை. எப்படிக் கூப்பிடுவது? வாயைத் திறந்தால் "தங்கச்சி" என்றுதான் வரும், நாக்கு அதற்கே பழகிப்போயிருந்தது. இருமினேன்.

அவள் திரும்பிப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் ஒரு விரிப்பின் இரண்டு முனைகளை என் கையில் கொடுத்தாள். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து உதறி மடித்தோம். மடிக்க மடிக்கக் கிட்டே வர வேண்டியிருந்தது.

"நான் போகச் சொன்னது பொய்" என்றேன்.

"எது பொய்?"

"எல்லாமே. முதல்ல இருந்தே. அன்னைக்கு லிப்ட்காரன் கண்ணடிச்சான். ஊர் வாயை மூட அப்படிக் கூப்பிட்டுட்டேன். பயந்துட்டேன்."

அவள் மடிப்பதை விட்டுவிட்டாள். நான் எதிர்பார்த்தது வெட்கமோ அழுகையோ. வந்தது கோபம்.

"ஊர் வாயை மூடறேன்னு என் வாயை அடைச்சீங்க. அன்னைக்கு நான் என்ன சொன்னேன்? தண்ணி குடிங்கன்னு சொன்னேன். அதுல என்ன கேள்வி இருந்துச்சு? நீங்களே ஒரு கேள்வி, நீங்களே ஒரு பதில், நீங்களே தீர்ப்பு. எனக்கு அண்ணன் வேணும்னு நான் மனு போட்டேனா?"

"அப்ப ஏன் 'சரிண்ணே'ன்ன?"

"பத்துப் பேரு முன்னாடி ஒரு ஆளு தங்கச்சிங்கிறாரு. அதுக்கு ஒரு பொம்பளை 'இல்ல'ன்னு சொன்னா அவளுக்குப் பேரு என்ன? சொல்லுங்க, என்ன பேரு வைப்பாங்க?"

இதை நான் யோசித்ததே இல்லை. நாலு வருஷம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் என்னை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"எத்தனை பேரு முன்னாடி சொன்னீங்களோ அத்தனை பேரு முன்னாடி எடுங்க. என் மகன்கிட்டயும் நீங்களே சொல்லுங்க. மாமான்னு கூப்பிட வச்சது நீங்கதானே, நான் இல்லையே."

"சொல்லிட்டா? நீ இருப்பியா?"

"சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். உத்தரவாதச் சீட்டெல்லாம் கேக்காதீங்க."

மத்தியானம் துணி அறையில் அவளை வழியனுப்ப எல்லோரும் கூடியிருந்தார்கள். உலர்த்தும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சும் சிரிப்பும் ஒரே இரைச்சல். நான் ஸ்பேனரால் குழாயில் ஓங்கி அடித்தேன். இரண்டு தடவை.

"எல்லாரும் கேளுங்க. இவங்க எனக்குத் தங்கச்சி இல்ல."

"என்னண்ணே, சொத்துத் தகராறா?" என்றான் லிப்ட்காரன். சிரிப்பு வெடித்தது.

"வாயை மூடு. நாலு வருஷத்துக்கு முன்னாடி இதே இடத்துல தங்கச்சின்னு கூப்பிட்டேன். அவங்களைக் கேக்காம கூப்பிட்டேன். அதை இப்ப திரும்ப எடுத்துக்கிறேன்."

"எடுத்துக்கிட்டு?" என்றார் சூப்பர்வைசரம்மா.

"எடுத்துக்கிட்டு... அவ்வளவுதான்."

ஒரு சலவைப் பெண் முந்தானையால் வாயைப் பொத்தினாள். இன்னொருத்தி சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள், ஏனென்றால் மெஷின் முன்னால் இருந்தவள் நிமிரவே இல்லை. ஒரு தலையணை உறையைத் தைத்துக்கொண்டே இருந்தாள். மெஷின் சத்தம் மட்டும் நேராக, ஒரே சீராகப் போயிற்று. காது மட்டும் சிவந்திருந்தது. என் காதும் அப்படித்தான் இருந்திருக்கும், நெருப்புப் பட்டது போல எரிந்தது.

லிப்ட்காரன் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "அண்ணே, சத்தியமா அன்னைக்கு நான் கண்ணடிக்கல. கண்ணுல பஞ்சு விழுந்திருச்சு. இந்த அறையில எப்பவும் பறக்குமே" என்றான்.

நான் நம்பவில்லை. ஆனால் அது என்னை இன்னும் அரித்துக்கொண்டிருக்கிறது.

பிறகு கொதிகலன் அறைக்குப் போய் அவள் முன்னாலேயே மகனுக்குப் போன் செய்தேன். எதிரே அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சொல்லுங்க மாமா! அம்மா பெட்டி கட்டிட்டாங்களா?"

"தம்பி, நான் உனக்கு மாமா இல்ல."

"என்ன மாமா, ஏதாவது கோவமா? நான் எதுவும்..."

"கோவம் இல்ல. உங்கம்மா எனக்குத் தங்கச்சி இல்ல. அவ போறது எனக்குப் பிடிக்கல. அண்ணனா இருந்தா பிடிச்சிருக்கும்."

அந்தப் பக்கம் பிள்ளை ஏதோ மழலை பேசியது. அவன் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"அம்மாகிட்டக் குடுங்க" என்றான் கடைசியில். அந்த வாக்கியத்தில் மாமா இல்லை.

அவள் போனை வாங்கிக்கொண்டு கொதிகலனுக்கு அந்தப் பக்கம் போனாள். "ஆமா" என்பது கேட்டது. "இல்ல" என்பது கேட்டது. "நான் என்ன சின்னப் பிள்ளையா, என்னை யாரு ஏமாத்துறது?" பிறகு அழுத்தமானியின் முள் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம்: "நாளைக்குக் கிளம்புறேன். பிள்ளைய பாக்கத்தான். மூணு மாசம் இருப்பேன், அதுக்குள்ள பிள்ளைய வேற ஆளுகிட்டப் பழக்கு. அதுக்கு மேல நான் எங்க இருக்கிறதுன்னு நான்தான் சொல்லுவேன். நீயும் இல்ல, இவரும் இல்ல."

போனை என்னிடம் கொடுத்தாள். "வேலையை விடல. லீவு எழுதிக் குடுத்திருக்கேன்."

"மூணு மாசம்னா மூணு மாசம்தானே?"

"காலைல என்ன சொன்னேன்?"

"உத்தரவாதம் கேக்கல. சும்மா கேட்டேன்." பிறகு, "நாளைக்கு பஸ் ஏத்திவிட வரவா?" என்றேன்.

"வேண்டாம். அதுக்கு அண்ணன் தம்பிதான் வருவாங்க" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினாள்.

சனிக்கிழமை முழுக்க நான் கழற்றாத குழாய் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் தேவையில்லாமல் வேலைக்குப் போய், காவல்காரன் விரட்டித் திரும்பி வந்தேன். போகிறவர்கள் திரும்பி வருவார்கள் என்று நம்பி எனக்குப் பழக்கமில்லை. பேத்தியின் கை ஒரு தடவை கழுத்தைப் பிடித்தால் போதும், யாருக்கு மனசு வரும்? மகளிடம் இதைச் சொன்னேன். "மறுபடி நீங்களே கேள்வி, நீங்களே பதிலா?" என்றாள். அவளுக்கு இதையெல்லாம் யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் போல.

சாயங்காலம் போன் அடித்தது. அவள் மகன்.

"அம்மா வந்து சேந்துட்டாங்க. சொல்லச் சொன்னாங்க..." அதற்குப் பிறகு ஒரு இடம் காலியாக இருந்தது. அவனும் அதில் தடுக்கினான், நானும் தடுக்கினேன். இருட்டில் ஒரு படி குறைவாக இருக்கிற மாடிப்படி மாதிரி. "இருங்க, அவங்ககிட்டக் குடுக்குறேன்."

"கேக்குதா?" என்றாள் அவள்.

"கேக்குது."

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். நீ?"

"ம்."

நாலு வருஷமாக அவள் பேச்சு எல்லாம் ஒரு "அண்ணே"யில் போய் முடியும். இப்போது முடியாமல் அப்படியே நின்றது. நானும் எதையும் போட்டு அதை நிரப்பவில்லை. அறை முழுக்க நடந்துகொண்டிருந்த நான் நின்றுவிட்டேன் என்று மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

அந்தப் பக்கம் பிள்ளை வீறிட்டு அழுதது.

"எந்திரிச்சுட்டா. தூக்கிட்டு வரேன், வச்சிடாதீங்க" என்றாள்.

போன் காதோடு ஒட்டிச் சூடேறியது. பிள்ளையின் அழுகை கிட்டே வந்துகொண்டிருந்தது. நான் வைக்கவில்லை.